குடிபோதை விபத்தும் இழப்பீடும்: 2019 திருத்தம் யாரைத் தண்டிக்கிறது?

பெங்களூரின் ஓசூர் சாலையில் நள்ளிரவு. குடித்துவிட்டு ஓட்டப்பட்ட ஒரு கார், வேலை முடிந்து சாலையோரமாக நடந்துவந்த கட்டடத் தொழிலாளியை மோதிக் கொன்றுவிடுகிறது. அவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர், வயது 32, மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் ஆகியோர் அவரை நம்பியிருந்தவர்கள். இது கற்பனை எடுத்துக்காட்டுதான். ஆனால் இழப்பீட்டுச் சட்டத்தின் நடைமுறையை அறிய இது போதும்.

இந்தக் குடும்பம் உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுக்க இயலாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 175-ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. 166-ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். பெங்களூரில் அப்பணியைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் செய்கிறது. மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் மனுச் செய்யலாம் என்பதால், தருமபுரியிலேயே வழக்கை நடத்த அந்த மனைவிக்கு உரிமை உண்டு. பேருந்துச் செலவுக்கே கடன் வாங்கும் குடும்பங்களுக்கு இது சிறிய சலுகையன்று.

தொகையைக் கணக்கிடும் முறையும் தெளிவானது. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000 ரூபாய். அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. பன்னிரண்டு மாதங்களால் பெருக்கி, 32 வயதுக்குரிய பெருக்கியான 16-ஆல் மீண்டும் பெருக்கினால் 30,24,000 ரூபாய் வருகிறது. ஈமச் செலவு முதலியவை தனி. ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதற்காக இதில் ஒரு ரூபாயும் கூடுவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வழங்கப்படும் தண்டனை நட்டஈட்டுக்கு இங்கே இடமில்லை. மது பரிமாறிய விடுதியைப் பொறுப்பாக்கும் வழியும் இல்லை. 185-ஆம் பிரிவின் கீழ் விதிக்கப்படும் 10,000 ரூபாய் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது.

ஆகவே கேள்வி, முப்பது இலட்சத்தை யார் தருவார் என்பதே. பழைய 149-ஆம் பிரிவில் விடை ஓரளவு உறுதியாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் தப்பிக்கக்கூடிய காரணங்கள் அதில் எண்ணிச் சொல்லப்பட்டிருந்தன. உரிமமில்லாமை அங்கே இருந்தது, குடிபோதை இல்லை. பட்டியலில் இல்லாத நிபந்தனையைப் பாலிசியில் எழுதினாலும் மூன்றாம் தரப்பினருக்கு எதிராக அது செல்லாது. 2023 சனவரியில் கேரள உயர் நீதிமன்றம், ஓட்டுநர் குடித்திருந்தாலும் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும், பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று கூறியது. நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளிலும் முதலில் கொடுத்துப் பின் வசூலிக்கும் நெறியைக் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020-இல் உறுதிசெய்திருந்தது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடத்தில் கைவைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய 150-ஆம் பிரிவின் பட்டியலில் 'மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் ஓட்டுதல்' என்பது சேர்ந்துகொண்டது. அந்த விலக்கைப் பாலிசியில் எழுத ஒரு வரி போதும். பழைய பிரிவின் சொற்களை வைத்து எழுந்த தீர்ப்புகள் புதிய பிரிவுக்கும் பொருந்துமா என்பது இனி ஒவ்வொரு தீர்ப்பாயத்திலும் வாதிடத்தக்க கேள்வி. வாதம் மேல்முறையீடுவரை போனால் ஆண்டுகள் ஓடும். அதுவரை அந்தக் குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் காத்திருக்காது.

இதன் விளைவு விபரீதமானது. குற்ற வழக்கில் ஓட்டுநர் தண்டனை பெற வேண்டுமானால், அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தது என்ற ஆய்வறிக்கை வேண்டும். 2024 மே மாதப் புனே விபத்தில் இரத்த மாதிரியை மாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டு மருத்துவர்கள் கைதானபோது, நாடே அந்த அறிக்கையின் மதிப்பை உணர்ந்தது. ஆனால் அதே அறிக்கை தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. கணவனைக் கொன்றவர் குடித்திருந்தார் என்று மெய்ப்பிக்கப் போராடும் பெண், அதில் வென்றால் இழப்பீட்டை இழக்க நேரிடலாம். நீதியையும் சோற்றையும் எதிரெதிரே நிறுத்தும் இந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் அறிந்தே செய்ததா என்பது ஐயத்துக்குரியது.

குற்றம் செய்தவருக்காக நிறுவனம் ஏன் பணம் தர வேண்டும் என்ற எதிர்வாதம் மேலோட்டமாக நியாயமாகத் தோன்றும். உரிமையாளரின் சொந்தக் காருக்கு நேர்ந்த சேதத்தைப் பொறுத்தவரை அது நியாயமே. 2021-இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய கோரிக்கையைத்தான் ஏற்க மறுத்தது. இறந்த தொழிலாளியோ அந்தப் பாலிசியில் கையெழுத்திட்டவர் அல்லர். மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே அவரைப் போன்றவருக்காகத்தான். நள்ளிரவில் போதையோடு சாவியைத் திருப்புபவர், பாலிசியின் விலக்குகளை நினைத்து இறங்கிவிடப்போவதும் இல்லை. பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1988-ஆம் ஆண்டினதே. ஓட்டுநரின் உடல்நிலை, மனநிலை பற்றிப் பாலிசியில் எழுதப்படும் கட்டுப்பாடுகள் மூன்றாம் தரப்பினருக்கு எதிராகச் செல்லாது என்று அதன் 148-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது.

திருத்தத்தில் சேர்ந்த அந்தச் சில சொற்களை நாடாளுமன்றம் நீக்கலாம். அல்லது முதலில் கொடுத்துப் பின் வசூலிக்கும் கடமையை 150-ஆம் பிரிவிலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுதலாம். வசூலிக்க முடியாத தொகையின் சுமை நிறுவனங்களுக்கு மிகுதி என்றால், அதில் ஒரு பங்கை மாநிலங்கள் ஏற்கலாம். கர்நாடகத்தில் மதுவின் மொத்த விற்பனையை 2003 முதல் அரசின் பானக் கழகமே நடத்துகிறது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம் உள்ளது. புட்டிதோறும் வருவாய் ஈட்டும் அரசுகள், அந்தப் புட்டியால் தந்தையை இழந்த குழந்தைகளுக்கான நிதியில் பங்கேற்பது முறையற்றதாகாது.