கருவி கட்டட்டும், கண் காக்கட்டும்!

உழைப்பைக் குறைக்கும் கருவி விழிப்பையும் குறைத்துவிடுமாயின், அக்கருவி ஏவலன் ஆகாது, ஆண்டான் ஆகிவிடும். இவ்வுண்மையை அறிய விழைவோர், இலினக்சு இயங்குதளங்களில் மென்பொருள்கள் பொதியப்படும் முறையை நோக்குவாராக.

1993-இல் தோன்றிய தெபியன் என்னும் இலினக்சு வழங்கல், பன்னாட்டுத் தன்னார்வலர் கூடி நடத்துவது. மூலநிரலைத் தொகுத்து, கோப்புகளை உரிய இடங்களில் அடுக்கி, அவற்றின் அணுக்க உரிமைகளைச் சீர்செய்து, ஒரு பொதியாகக் கட்டித் தருவது அவர்தம் பணி. ஆளுக்கொரு வகையாகக் கட்டினால் பிழை மலியுமன்றோ? அதனைத் தவிர்க்கவே, 1997-இல் சோயி எசு என்பார் 'தெபெல்பர்' என்னும் கருவித் தொகுதியை ஆக்கினார். அதன் சிறுகருவி ஒவ்வொன்றும் ஒரு வினையே செய்யும். அவற்றையெல்லாம் வரிசைப்பட இயக்கும் ஒற்றைக் கட்டளை 2008-இல் வந்தது. நீண்ட நெறிக்கோப்பு மூன்று வரிகளில் அடங்கிற்று. பைத்தான் முதலிய நிரல்மொழிகளின் தனித்தேவைகளை இணைப்புக் கூறுகள் நிறைவேற்றின. பழைய பொதிகள் முறிந்துவிடாதிருக்க, எண்ணிட்ட ஒத்திசைவு நிலைகளும் வகுக்கப்பட்டன. பழையது குலையாமற் புதியது புகுத்தும் இவ்வொழுங்கு போற்றத்தக்கதே.

ஆயினும், 2024 மார்ச்சுத் திங்களில் வெளிப்பட்ட வஞ்சகத்தை மறத்தலாகாது. எக்சு-செட்டு என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளில், ஈராண்டுக்கும் மேலாக நல்லுழைப்பாளர்போல் நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் வெளியீட்டுத் தொகுப்பினுள் கள்ளக் கதவொன்றைப் பொருத்தினார். அந்நச்சு நிரல் எவ்விடத்தும் விழிக்கவில்லை. தெபியன் வகைப் பொதியோ ஆர்.பி.எம். வகைப் பொதியோ கட்டப்படுங்கால் மட்டுமே விழித்தது! தானியங்கி முறை தனக்கிட்ட வேலையைப் பழுதறச் செய்தது. நஞ்சையும் பழுதறக் கட்டித் தந்தது. தெபியனின் நிலைப் பதிப்பு தப்பிற்று. ஆய்வுநிலைப் பதிப்புகளில் நஞ்சு புகுந்தது.

அதனைக் கண்டுபிடித்தது எந்தக் கருவி? கருவியன்று, மாந்தன். தொலைவுக் கணினியுள் நுழைகையில் ஏற்பட்ட அரை நொடித் தாழ்ச்சியைப் பொருட்படுத்தி, 'ஏன்?' என வினவிய ஆந்திரேசு பிராய்ண்டு என்னும் பொறியாளரே அவர்.

இதனாற் கருவிகளைக் களைந்து கையாற் கட்டுவோம் என்பது பேதைமை. கைவேலையிற் பிழை பன்மடங்காகும். ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினும் அணுவும் பிசகாது ஒரே பொதி கிடைக்கவேண்டும் என்னும் மீளுருவாக்க முயற்சி தெபியனில் 2013 முதல் நடைபெறுகின்றது. அது நன்று, ஆயின் அது மட்டும் போதாது. மூலமே நஞ்சாயின், மீளக் கட்டினும் நஞ்சே மீளும். எனவே, வெளியீட்டுத் தொகுப்பைப் பொதுவில் உள்ள நிரற் களஞ்சியத்தோடு ஒப்பிடுதலும், பொதிபவர் தாம் கட்டுவதைப் படித்தறிதலும் கட்டாயக் கடமைகளாதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அம்மென்பொருளை நெடுங்காலம் ஊதியமின்றிச் சுமந்தவர் ஒருவரே. அவர்தம் களைப்பே வஞ்சகனுக்கு வாயிலாயிற்று. இத்தகையோர் உழைப்பின்மீது பெருவணிகம் நடத்தும் நிறுவனங்கள் அச்சுமையிற் பங்கேற்காதது அறமாகுமா? கொள்வோர் கொடுக்கவும் கற்கட்டும்! கருவி கட்டட்டும், மாந்தன் கண்ணுறங்காது காக்கட்டும்!