பழைய காருக்கும் வேண்டும் வில்லங்கச் சான்று

சேகரிப்பாளர்கள் தேடும் பழைய காரின் விலை அதன் பூர்வீகத்தைப் பொறுத்தது. முதலில் யார் வாங்கினார், பிறகு யார் யாரிடம் கைமாறியது, எங்கே மோதியது, எந்தப் பட்டறையில் எஞ்சின் இறங்கியது, சேசிஸ் நம்பர் தொழிற்சாலையில் குத்தியதா பின்னால் குத்தியதா என்பவை தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும். ஒரே ஆண்டில் வெளிவந்த, ஒரே மாடலான இரண்டு கார்கள் பல மடங்கு விலை வித்தியாசத்தில் விற்பது இதனால்தான். இந்தியாவிலோ இந்தப் பூர்வீகம் புரோக்கரின் வாய்மொழியாகவே நிற்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொதுவாக, வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்கிறது. விழித்திருந்து எதைப் பார்ப்பது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இந்த இருட்டில் என்னென்ன நடக்கும் என்பது 2025 செப்டம்பரில் கேரளத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. ‘நும்கோர்’ என்ற பெயரில் கொச்சி சுங்கத் துறை நடத்திய சோதனையில் லேண்ட் குரூசர், டிஃபென்டர் போன்ற, ஆர்வலர்கள் தேடி அலையும் வண்டிகள் பிடிபட்டன. மலையாளத் திரை நட்சத்திரங்களின் வீடுகளும் தப்பவில்லை. பூட்டானிலிருந்து கடத்திவந்த வண்டிகளுக்கு இந்திய ராணுவம், அமெரிக்கத் தூதரகம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணம் தயாரித்து, வேறு மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு விற்றார்கள் என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. வழக்கு முடிந்து யார் குற்றவாளி, யார் ஏமாந்தவர் என்பது தெரிய நாளாகும். ஆனால் ஒன்று இப்போதே தெரிகிறது. முந்தைய உரிமையாளர் என்ற இடத்தில் ராணுவத்தின் பெயரை எழுதிவிட்டால், அதை ராணுவத்திடமே கேட்டுச் சரிபார்க்க வாங்குகிறவருக்கு வழி கிடையாது.

விண்டேஜ் வாகனங்களுக்கென்றே மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி வரிசை எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. விற்கலாம். 2025 தொடக்கத்தில் இறக்குமதி விதியும் தளர்ந்து, 1950-க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் இருந்த சலுகை ஐம்பது ஆண்டு கடந்தவற்றுக்கெல்லாம் விரிந்தது. ஆக, கதவு அகலத் திறந்தாயிற்று. உள்ளே வருகிற வண்டியின் பூர்வீகம் கேட்கத்தான் ஆளில்லை. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி., இறக்குமதி என்றால் சுங்கத்தின் நுழைவுப் பத்திரம், அதோடு காப்பீடு. இவை போதும்.

விதியின் பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று அது நிபந்தனை போடுகிறது. ஐம்பது ஆண்டு இந்தியச் சாலையில் ஓடிய வண்டிக்கு இந்த நிபந்தனை! பெட்ரோல் விலை ஏறிய 1970-களில் டாட்ஜ், பிளைமவுத், செவர்லே என்று எத்தனையோ கார்களின் சொந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றி டாக்சியாக ஓட்டிய நாடு இது. உதிரி பாகம் வராத காலத்தில் பட்டறைக்காரர்கள் கடைசல் பிடித்தும் தகட்டைத் தட்டியும் அந்த வண்டிகளைக் காப்பாற்றினார்கள். இன்று அந்த வேலையை ஒப்புக்கொள்கிறவருக்குப் பதிவு மறுக்கப்படலாம். மறைக்கிறவருக்கு நம்பர் பிளேட் கிடைக்கும். பொய்க்குப் பரிசு வைத்து ஒரு விதி எழுத வேண்டுமென்றால் இதைவிடக் கச்சிதமாக எழுத முடியாது.

மாற்றமே இல்லாதிருப்பது ஒன்று, வரலாறு தெளிவாக இருப்பது வேறொன்று என்பதை லண்டன் உயர் நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் லெமான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ‘ஓல்டு நம்பர் ஒன்’ காரைப் பற்றிய வழக்கு அது. பந்தயத்துக்காக அந்தக் காரில் ஒவ்வொரு பாகமாக மாற்றினார்கள். பெரிய எஞ்சினும் ஏற்றினார்கள். 1932-இல் புரூக்லண்ட்ஸ் விபத்தில் ஓட்டுநர் இறந்த பிறகு கார் மீண்டும் புதிதாகக் கட்டப்பட்டது. கோடி பவுண்டு பேரத்தில் வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். 1929-இன் இரும்பு அதில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருப்பதை நீதிபதி ஆட்டன் ஏற்றார். ஆனாலும் ஒவ்வொரு மாற்றமும் தொடர்ச்சியாகத் தெரிந்திருப்பதால், அடையாளம் அறுபடாத உண்மையான ‘ஓல்டு நம்பர் ஒன்’ இதுதான் என்று தீர்ப்பளித்தார். நம் விதிப்படி அந்தக் கார் பதிவு கேட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

இந்த நாட்டுக்கு வரலாற்றுப் பதிவேடு நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அரை சென்ட் நிலம் வாங்குகிறவர்கூட முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. சர்வே எண்ணைக் கொடுத்தால், இந்தச் சொத்தை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு, எப்போது அடமானம் போனது, எப்போது மீண்டது என்று வரிசையாக வருகிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், ஆவண எண், நான்கு எல்லை என எல்லாம் வெட்டவெளிச்சம். சொத்தின் உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. அவர் ஊரில்கூட இருக்க வேண்டியதில்லை. வங்கி கடன் கொடுப்பதும் வக்கீல் கருத்துரை எழுதுவதும் அதைப் பார்த்துத்தான். போலிப் பத்திரங்கள் இல்லாமல் இல்லை; ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு தடம் இருக்கிறது. ஒரு வீட்டின் விலைக்கு, சில சமயம் ஒரு தெருவின் விலைக்கே விற்கிற காருக்கு இதில் பாதிகூட இல்லை. வாகனப் பதிவேட்டில் தேடினால் பெயர் நட்சத்திரக் குறிகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. இத்தனையாவது உரிமையாளர் என்ற எண்ணிக்கை கிடைக்கும்; முந்தையவர்கள் யார் என்பது கிடைக்காது. விபத்து இழப்பீட்டு விவரம் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் தூங்குகிறது.

காரின் வரலாற்றையும் நிலத்தைப் போலப் பொதுப் பார்வைக்கு வைத்தால் தனியுரிமை போய்விடும் என்பது முதல் ஆட்சேபம். அடமானம் வைத்த விவசாயியின் பெயர் ஊருக்கே தெரியலாம், பென்ட்லி வைத்திருப்பவரின் பெயர் தெரியக் கூடாது என்பது தனியுரிமை அல்ல, வர்க்கச் சலுகை. திருடர்கள் வருவார்கள் என்பது இரண்டாவது. அணிவகுப்பில் பெயர்ப் பலகையோடு நிறுத்தி, பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறவர்கள் இதைச் சொல்வது வேடிக்கை. பொழுதுபோக்கு செத்துவிடும் என்று வியாபாரிகள் புலம்புகிறார்கள். சாகப்போவது அவர்களுடைய ‘சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்’ வியாபாரம் மட்டும்தான்.

வெளிநாடுகளில் இது புதிதல்ல. பிரிட்டனில் நம்பர் பிளேட்டை வைத்தே வண்டியின் வருடாந்தரச் சோதனை முடிவுகளை யாரும் பார்க்கலாம். ஜப்பான் ஏலத் தாளில் விபத்தில் அடிபட்டுச் சீரமைத்த வண்டிக்குத் தனிக் குறியீடு உண்டு; ஜப்பான் கார் வாங்கும் இலங்கைத் தமிழர்கள் அந்தத் தாளை எழுத்தெண்ணிப் படிப்பார்கள்.

‘விஏ’ பதிவு கட்டாயப் பதிவு அல்ல, விரும்பிக் கேட்டுப் பெறும் மரியாதை. அதற்கு நிபந்தனை போட அரசு தயங்க வேண்டியதில்லை. முதல் பதிவிலிருந்து உரிமையாளர் வரிசை, சுங்க ஆவணம், எஞ்சின்–சேசிஸ் மாற்றம், பெரிய விபத்து, காப்பீட்டு இழப்பீடு ஆகியவை வண்டி எண்ணோடு பொதுப் பார்வைக்கு வர வேண்டும். மாற்றத்தை அறிவித்தால் பதிவு, மறைத்தால் ரத்து என்று 2021 விதியைத் திருத்த வேண்டும். இந்த விவரத்தைத் தர மறுக்கும் பழைய கார் எதையும் கடத்தல் வண்டியாகவே கருதிச் சுங்கத் துறை விசாரிக்கட்டும்.