ஐயாற்று மீன்களைக் காக்கப் பொது வேண்டுகோள்

ஆடி 17, 18 நாட்களின் வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் நெருங்குவதால், கொல்லிமலைக்கு வரவிருக்கும் பக்தர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இவ்வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி ஆகாயகங்கையாக வீழும் ஐயாற்றின் மீன்கள் இறைவடிவாகவே போற்றப்பட்டு உணவிடப்படுபவை; அவை வாழும் நீரிலேயே சோப்பையும் ஷாம்பையும் எச்சில் இலையையும் சேர்ப்பது எந்த ஆகமத்திலும் வழிபாடு ஆகாது.

செவுள் என்பது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை மீனின் இரத்தத்துக்குக் கடத்தும் மெல்லிய உறுப்பு. ஷாம்பின் நுரைப்பொருள்கள் அதன் சளிப்படலத்தைச் சிதைத்து மூச்சைத் தடுப்பதுடன், சுவையும் மணமும் அறியும் செல்களையும் பழுதாக்குகின்றன. காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் வேதிப்பொருளை உணர்ந்து கூட்டம் சிதறி ஓடுவதை, கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன்களிடம் கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் விளக்கினார். அவ்வுணர்வு மங்கினால் மீன் ஆபத்தை அறியாமல் நிற்கும்.

அள்ளி வீசப்படும் பொரியும் ரொட்டியும் அழுகி அம்மோனியாவாக மாறுவது இதனினும் கொடிது. 25 பாகை வெப்பத்தில், அமிலமும் காரமும் சமநிலையில் உள்ள, அதாவது பி.எச். 7 உள்ள நீரில் அம்மோனியாவின் சுமார் 0.6 சதவீதமே நச்சு வடிவம் கொள்ளும்; பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். சோப்போ காரத்தன்மை கொண்டது.

கடல்மட்டத்தில் 20 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் 7.5 மட்டுமே. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இம்மலையில் அதிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் மீனின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரு மடங்காகும் என்பதால், மூச்சு முட்டிய மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கும். அதை இரை கேட்பதாக எண்ணி மேலும் பொரி வீசும் பக்தியை என்னென்பது! நீரோட்டம் குறைந்தால் இத்தவிப்பு கூடும் என்பதால், இம்மலையின் ஓடைகளைத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்திலும், கோடையில் ஆற்றுக்கென நீர் விடப்படுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

ஆகவே, ஆற்றில் சோப்பும் ஷாம்பும் தொடாமல் குளிக்கவும், மீனுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் இரையிடாதிருக்கவும், கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லவும் வேண்டப்படுகிறது. இதற்கும் மனமில்லாதோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு வராதிருப்பதே நல்லது.