நாணயமும் நகரமும்

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையிலெடுத்து எண்ணும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். புலவர் எவரும் கூடியிருந்து இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் அடக்கினாரல்லர். கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த மக்களின் வழக்கே அடக்கிற்று. உலகத்துப் பணமெல்லாம் வந்து கூடும் நகரங்கள் அந்நிலையை எவ்வாறு எய்தின என்று ஆராயப் புகுந்த எனக்கு, பல நூல்களைப் புரட்டிய பின்னர், இச்சொல்லே விடையாகத் தோன்றிற்று. அதனை நம் கல்லூரி அன்பர் முன் வைக்கத் துணிகின்றேன்.

இவ்வாராய்ச்சியில் என்னைப் புகுத்தியவர் எம்மூர்ப் பெரியவர் ஒருவர். எம்மூர் அதிராம்பட்டினம். ஒருபுறம் உப்பளம், ஒருபுறம் தென்னந்தோப்பு, அப்பாற் காவிரி நீர் பாயும் வயல்கள், எதிரே ஆழமில்லாக் கடல்: இதுவே எம்மூர். மரைக்காயர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பொருளீட்டிய ஊர் அது. அக்காலத்தில் இலங்கைக்கும் மலாய் நாட்டிற்கும் சென்றனர். பின்னர் அரபு நாடுகளுக்குச் சென்றனர். சென்ற விடுமுறையில் ஒரு மாலை, எந்தையாரின் நண்பரான அப்பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் என்னை இருத்தி வினவினார்: “தம்பி, நாற்பது வருஷமாக இந்த ஊருக்குப் பணம் வந்துகொண்டே இருக்கிறது. வீடாகிறது, நகையாகிறது, மனைக்கட்டாகிறது. தொழிலாக மட்டும் ஆகவில்லை. என் பேரனும் விமானம் ஏறப் போகிறான். ஏன் இப்படி என்று உங்கள் காலேஜிலே சொல்லித் தருகிறார்களா?” யான் விடை கூற மாட்டாது நின்றேன். இக்கட்டுரை அவருக்கு யான் காலந்தாழ்த்துக் கூறும் விடையாகும்.

தொடங்குமுன் ஒரு சொற்குறிப்பு. முந்தையோர் வங்கியைப் ‘பாங்கு’ என எழுதினர். எம்மூரிற் பாங்கு என்றால் பள்ளிவாசலின் தொழுகையழைப்பே முதலில் நினைவுக்கு வரும். ஆதலின் ஈண்டு வங்கி என்றே எழுதுவேன்.

நிதி நகரம் என்பது யாது? செல்வர் மிகுந்த ஊரெல்லாம் நிதி நகரம் ஆகிவிடா. பிறர் பணம் அச்சமின்றி வந்து தங்கி, வேறு பிறர்க்குக் கடனாகவும் முதலாகவும் காப்பீடாகவும் பயன்பட்டு, கணக்குத் தவறாது உரியவரிடம் மீளும் இடமே அப்பெயர்க்குரியது. லண்டனிலிருந்து ஒரு நிறுவனத்தார் 2007 முதல் இத்தகைய நகரங்களை வரிசைப்படுத்தி வருகின்றனர். தொழிற்சூழல், மக்கள் திறன், கட்டமைப்பு, நிதித்துறையின் வளர்ச்சி, நற்பெயர் என்னும் ஐந்து தலைப்புகளில் அவர்கள் நகரங்களை எடை போடுகின்றனர். ஐந்தாவதாக அவர்கள் வைத்த நற்பெயரையே யான் முதலாவதாக வைப்பேன். அஃதின்றேல் ஏனைய நான்கும் நிலையா என்பதே என் துணிபு.

துறைமுகமே நகரை ஆக்கும் என்பார் உளர். நம் கடற்கரையே அதற்கு மறுப்பாகும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் கோட்டை கட்டினர். 1845-இல் அதனை ஆங்கிலேயர்க்கு விற்றனர். நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் கையிலிருந்து 1658-இல் ஒல்லாந்தர்க்கும், 1781-இல் ஆங்கிலேயர்க்கும் மாறிற்று. கப்பல்கள் வந்தன, கோட்டைகள் எழுந்தன, ஆயினும் உலகப் பணம் அங்குத் தங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகருக்கோ கடலே இல்லை, அங்கே தங்கிற்று. மாளிகையே மதிப்பைத் தரும் என்பார்க்குச் சென்னை வரலாறு விடை தரும். அங்கே பெரும்பெயர் பெற்றிருந்த அர்பத்நாட்டுக் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்து, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டு சிறைத்தண்டனை அடைந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1904-இல், காவிரிக்கரையில் ஆரவாரமின்றித் தோன்றியது கும்பகோணம் வங்கி. அதுவே இன்று சிட்டி யூனியன் வங்கி என்னும் பெயருடன், தலைமையகத்தைக் கும்பகோணத்திலேயே வைத்துக்கொண்டு நிலவுகின்றது. அர்பத்நாட்டு முறிவைக் கண்டு நெஞ்சு நொந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. சரிந்தது அயலார் மாளிகை. எழுந்தது நம்மவர் நம்பிக்கை.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, அந்நகர வணிகர் தாம் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதிற் குறைவும் செய்யாதவர் என்று கூறி, பல மொழி பேசும் வேற்று நாட்டார் அங்கே கலந்து இனிதுறைந்ததனையும் குறிக்கின்றது. நேர்மையும் வேற்று நாட்டார் வாழ்வும் ஒரு பாட்டிலே இடம்பெற்றமை நோக்கத்தக்கது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்னுந் துறையில், காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டளவில் நிறுவிய கல்வெட்டு இதனினும் தெளிவானது. புயலிற் சிக்கிக் கரையொதுங்கிய கப்பற்சரக்கை அரசரே கவர்ந்துகொள்ளுதல் பண்டை வழக்கு. அவ்வழக்கை ஒழித்து, குறித்த சுங்கமன்றி வேறொன்றும் கொள்ளேன் என்று அயல்நாட்டு வணிகர்க்கு அபயம் அளித்தான் அவன். வலியவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளுதலே நிதி நகரத்திற்கு அடிக்கல்.

மேனாட்டார் வரலாறும் இதனையே காட்டும். 1585-இல் ஆண்டுவெர்ப்பு நகரம் போரில் வீழ்ந்தபோது, அதன் வணிகர் பலர் ஆம்ஸ்டர்டாமிற் புகலடைந்தனர். சமயம் பற்றித் துன்புறுத்தப்பட்ட யூதரும் அங்கே குடியேறினர். 1609-இல் அந்நகரத்தார் ஒரு வங்கியை நிறுவி, பலவகைக் காசுகளையும் நிறுத்து மதிப்பிட்டுக் கணக்கெழுதியமையால் அதன் சொல்லே காசாயிற்று. பின்னர் லண்டன் அவ்வழியிற் சென்றது. 1694-இல் தோன்றிய இங்கிலாந்து வங்கியின் முதற்றலைவர் சர் ஜான் ஹூப்லான், புகல்தேடி வந்த பிராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் வந்தவர். அயலானுக்குக் கதவைத் திறந்த நகரம் அயலான் பேரனையே தன் பெட்டகத்திற்குக் காவலனாகப் பெற்றது.

இனி நம்மவரிடம் வருவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் என்னும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டு கொழும்பிலும் பினாங்கிலும் இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பணம் நடத்தினர். இரங்கூனில் அவர்கள் கோயிலிற் கூடி அவ்வப்போது நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். தெய்வத்தின் முன்னிலையிற் பேசிய சொல்லை மீறுவார் இல்லை. இத்துணைச் சிறந்த ஏற்பாடு ஏன் ஓர் உலக நகரத்தைத் தமிழ்நாட்டில் ஆக்கவில்லை? அந்நாணயம் உறவினுள் ஓடிய நாணயமாதலின் என்க. பங்காளியை நம்பலாம், சம்பந்தியை நம்பலாம், முன்பின் அறியாதவனை எதைக்கொண்டு நம்புவது? பர்மாவில் 1930-ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தபோது, கடனுக்கு ஈடான நிலங்கள் அவர்கள் கையில் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் காற்பங்கு நிலம் அவ்வாறு வந்தது. அதனுடன் உழவரின் வெறுப்பும் வந்தது. விடுதலைக்குப்பின் 1948-இல் எழுந்த நிலச் சட்டத்தால் அந்நிலங்கள் கைவிட்டுப் போயின. உறவுக்குள் எத்துணை நாணயம் இருப்பினும், புறத்தார் நம்பிக்கையின்றேல் பொருள் நில்லாது. இக்குறையை அறிந்தார்போலும், எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிடத்தும் ஒரே நாளில் திறந்தனர். உறவினர் நாணயத்தை ஊரார் நாணயமாக்கும் முயற்சி அது.

சிங்கப்பூர் அம்முயற்சியை ஓர் அரசின் பணியாக்கிற்று. 1965-இல் தனிநாடாகியபோது அதற்கு உணவும் நீரும் அயலிலிருந்தே வரவேண்டியிருந்தன. 1968-இல் வெளிநாட்டார் வைப்புத்தொகையின் வட்டிமீதிருந்த வரியை நீக்கி, ஆசிய டாலர்ச் சந்தையைத் தொடங்கினர். “ஆகவே வரிச்சலுகைதானே காரணம்?” என்று வினவலாம். சலுகை கதவைத் திறந்தது மெய்யே. ஆயின் வரியில்லாத் தீவுகள் உலகிற் பல. அவையெல்லாம் சிங்கப்பூர் ஆயினவா? 1971-இல் நாணய ஆணையம் அமைத்து, வங்கிகளைக் கண்டிப்புடன் மேற்பார்த்தனர். பி.சி.சி.ஐ. என்னும் பன்னாட்டு வங்கி உரிமம் வேண்டி அழுத்தமாக முயன்றும் அவர்கள் இசையவில்லை. 1991-இல் அவ்வங்கியின் மோசடி வெளிப்பட்டுப் பல நாடுகளில் மூடப்பட்டபோது, மறுத்தோரின் மதிப்பு விளங்கிற்று. வருவோரை வரவேற்றல் பாதி. தகாதாரை வாயிலில் நிறுத்துதல் மறுபாதி.

நம் சென்னைக்கு எது குறை? உலகப் பெருவங்கிகள் பலவற்றின் கணக்குவேலை அங்கே நம் இளைஞரால் நடைபெறுகின்றது. உலக வங்கியின் பெரிய அலுவலகமும் தரமணியில் உளது. மக்கள் திறனிற் குறையில்லை. ஆயினும் 1920-இல் தோன்றிய சென்னைப் பங்குச்சந்தை 2015-இல் மூடப்பட்டது. கணக்கு இங்கே எழுதப்படுகின்றது. முடிவோ வேறிடத்தில் எடுக்கப்படுகின்றது. எழுதும் கை நம்முடையது, கையொப்பம் பிறருடையது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதும், மிகுவட்டி ஆசை காட்டியோர் ஏழையர் பணத்துடன் மறைவதும் நம் பெயரைக் கெடுத்தன. அத்தகைய மோசங்கள் பெருகியமையால் 1997-இல் வைப்பாளரைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. ஒருமுறை ஏமாந்த தாய் தன் மகளுக்குக் கற்பிப்பது யாது? “பொன்னாக வாங்கிப் பூட்டிவை” என்பதே. வேதத்தில் வரும் உவமையிலே தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியக்காரனைச் சோம்பேறி என்று பலமுறை கேட்டிருக்கின்றோம். அவன் அச்சத்தினாற் புதைத்தான் என்பதனையும் நாம் மறத்தலாகாது. அச்சமுள்ள ஊரில் பணம் புதைந்தே கிடக்கும்.

எம்மூர்ப் பெரியவரின் வினாவுக்கு இன்னும் ஒரு விடை எஞ்சியுளது. அவர் தம் சமயநெறிப்படி வட்டி வாங்காதவர். பணம் வங்கியிற் கிடப்பினும் அதன் வட்டி அவர் மனத்தை உறுத்தும். ஆகவே அது மனையாயிற்று, நகையாயிற்று. கிறிஸ்தவத் திருச்சபையும் இடைக்காலத்திற் பன்னூற்றாண்டு வட்டியை விலக்கியதேயாதலின், அவ்வுறுத்தலை நகைக்க எனக்கு மனமில்லை. மலேசிய நாட்டார் நகைக்கவுமில்லை, விட்டுவிடவுமில்லை. ஹஜ் செல்வோர் வட்டியின்றிச் சேமிக்க 1963-இல் ஒரு நிதியம் கண்டனர். 1983-இல் சட்டமியற்றி, இலாபநட்டத்தைப் பகிரும் வங்கியொன்றைத் திறந்தனர். இன்று அத்துறையிற் கோலாலம்பூர் உலகத் தலைநகரங்களுள் ஒன்று. லண்டன் அதனைக் கண்டு வாளாவிருந்ததா? 2014-இல் பிரிட்டிஷ் அரசே வட்டியில்லா முறையில் 20 கோடி பவுனுக்குப் பத்திரம் வெளியிட்டது. நம் நாட்டில், 2008-இல் ரகுராம் ராஜன் குழுவினர் வட்டியில்லா வங்கிமுறையை ஆராய்ந்து ஏற்கலாம் என்றனர். 2017-இல் ரிசர்வ் வங்கி அதனை மேற்கொள்வதில்லை என்று முடிவு செய்தது. எல்லார்க்கும் வங்கிச் சேவை சமமாகத் திறந்துள்ளது என்பது அவர்கள் கூறிய காரணம். கதவு திறந்திருப்பது மெய். ஆயின் உள்ளே புக மனச்சான்று இடந்தராதவனுக்குத் திறந்த கதவும் சுவரேயன்றோ? சமயச் சார்பற்ற அரசு ஒரு சமயத்தார்க்கெனச் சட்டம் செய்யலாமோ என்னும் ஐயம் தக்கதே. இலாபநட்டப் பகிர்வை எச்சமயத்தாரும் ஏற்கும் பொதுமுறையாக அமைப்பின் அவ்வையம் நீங்கும். பயிர் பொய்த்த ஆண்டில் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் கடன், கஜாப் புயலில் 2018-இல் தென்னையிழந்த எம் பகுதி உழவர்க்குக் கசக்குமா?

தமிழ் பயிலும் மாணவனாதலின், இறுதியாக ஒன்று கூறுவேன். காப்பீட்டுப் பத்திரமும் கடன் பத்திரமும் எம்மூர்த் தாய்மார் படித்தறியக்கூடிய தமிழில் இருத்தல் அரிது. எழுதியிருப்பது இன்னதென்று அறியாமற் கையொப்பமிடுபவர் நம்பவில்லை. துணிந்து கண்ணை மூடிக்கொள்கின்றனர். பொருளாதாரம் பயிலும் தோழரும் சட்டம் பயிலச் செல்லும் தோழரும் தமிழ் மாணவருடன் கூடி, அப்பத்திரங்களைத் தெளிந்த தமிழில் ஆக்குவாராயின், அஃது ஒரு பேருதவியாகும். நாணயம் என்னுஞ் சொல்லுக்கு இருபொருள் தந்த மொழிக்கு இப்பணி இயலாததன்று.

அடுத்த விடுமுறையில் அத்திண்ணையில் அமர்ந்து இவற்றை அப்பெரியவரிடம் கூறுவேன். முகமறியாதவன் கொடுத்த சொல்லையும் சட்டம் காக்கும் என்ற துணிவு பிறந்தால், ஐயா, உங்கள் பணம் தொழிலாகும் என்பேன். “எப்போது, தம்பி?” என்று அவர் கேட்பார். அதற்கு விடை கூற வேண்டியவர் யான் ஒருவனல்லேன். இதனைப் படிக்கும் நாம் அனைவருமே.