அறுந்த நூல்

கண்டி வாவிக்கரையில் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். கணக்கிற் புலியாக விளங்கியவன். "வானொலி என்னைப் பற்றித்தான் பேசுகிறது, சேர். சுவர் கேட்கும்..." என்றவன், பாதியில் நின்றுவிட்டான். உடனிருந்த தந்தையார், "விசர்க்கதை கதையாதே" என்று அதட்டினார்.

நேயர்களே, அது விசர்க்கதையன்று; நோய். சித்தப்பிரமையுற்றோருக்கு எண்ணங்களைக் கோக்கும் நூல் அறுந்துவிடுகின்றது. ஆதலாற் சொற்கள் சிதறுகின்றன. பிறர் கேளாத குரல் அவர் செவிக்கு மெய்யாகவே ஒலிக்கின்றது. அவரோடு வாதிட்டு வெல்ல முயல்வது வீண். ஆமென்று தலையசைப்பதும் தகாது. அவர்தம் அச்சத்தை ஏற்றுச் சுருங்கப் பேசி, விடைக்குப் பொறுத்திருத்தலே நன்று.

"பயமாக இருக்கிறதா, தம்பி?" என்றேன். நெடுநேரங் கழித்து, "ஓம், சேர்" என்றான். தந்தையார் கண் கலங்கினார்.

1952ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் என்னும் வைத்தியர்கள் குளோர்புரோமசீன் மருந்தால் இந்நோய் தணிவதைக் கண்டனர். அதன்பின் பல மருந்துகள் வந்துள்ளன. சிகிச்சை முந்தினால் நலமும் மிகும். நேர்த்தி வைப்போர் வைக்கட்டும். வைத்தியரிடஞ் செல்லும் நாளைத் தள்ளிப்போட வேண்டா.

மறுநாட் காலை மூவருமாகப் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கு பஸ் ஏறினோம்.