மனப்பாடம் தராத துணிவு

பேச்சுப் போட்டி அறிவிக்கப்பட்டவுடன் பள்ளிகளில் நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். ஆசிரியரோ பெற்றோரோ மூன்று பக்க உரை ஒன்றை எழுதித் தருவர். மாணவர் அதனை ஒரு வாரம் மனப்பாடம் செய்வர். எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பனவும் கற்பிக்கப்படும். இம்முறை எவரையும் பேச்சாளர் ஆக்குவதில்லை என்பது என் கருத்து.

இப்பிழையை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தமிழின் பெருமை குறித்து உரை எழுதித் தந்தேன். அடுக்குமொழிகள் நிறைந்த உரை. எழுதி முடித்தபோது எனக்கே பெருமிதமாக இருந்தது. மேடையில், இரண்டாம் பத்தியின் முதற்சொல் அவளுக்கு மறந்துபோயிற்று. அச்சொல் வராமையால் அடுத்து எதுவும் வரவில்லை. அழுதுகொண்டே இறங்கினாள்.

மறுநாள் அவளிடம், விடுமுறையில் பாட்டி ஊருக்கு எப்படிச் சென்றாய் என்று கேட்டேன். இரண்டு இரவு இரயில் பயணத்தையும், மேற்படுக்கைக்காகத் தம்பியோடு இட்ட சண்டையையும், சென்னை சென்ட்ரலில் இறங்கியதும் எல்லாரும் தமிழிலேயே பேசியது கேட்டு வியந்ததையும் நிறுத்தாமல் சொன்னாள். அவளுக்குப் பேச்சு வரும். நான் எழுதித் தந்ததுதான் அவளுடைய பேச்சாக இல்லை.

காந்தியடிகளும் அவைக்கு அஞ்சியவரே. இலண்டனில் சட்டம் பயின்றபோது தாவர உணவாளர் சங்கக் கூட்டத்திற்குத் தம் கருத்தை எழுதியே எடுத்துச் சென்றார். ஆயினும் படிக்கத் துணிவின்றி, பிறர் படிக்கக் கேட்டிருந்தார். பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், தலை சுற்ற, ஒரு வினாவும் எழாமல் அமர்ந்துவிட்டார். கட்டணமாகப் பெற்ற 30 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும் கூறிவிட்டார். அவரே 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றபின், பிரிட்டோரியாவில் அங்கு வாழ்ந்த இந்தியரைக் கூட்டி, வணிகத்தில் வாய்மை குறித்துப் பேசினார். அதுவே தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். அச்சம் அவரைவிட்டு ஒரே நாளில் அகன்றிருக்காது. ஆனால் அன்று, தம்முன் அமர்ந்திருந்தவர்களிடம் அவர் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று இருந்தது.

திருவள்ளுவர் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு முன்னே அவையறிதலை வைத்தார். யாரிடம் பேசுகிறோம் என்று அறிந்தபிறகே அஞ்சாமை வரும் என்பதாக நான் இவ்வரிசையைப் புரிந்துகொள்கிறேன்.

வெளிமாநிலத்தில் வளரும் உங்களுக்கு மற்றோர் அச்சமும் உண்டு. ழகரம் பிறழ்ந்தால் ஊரில் சித்தப்பா சிரிப்பார். தமிழ்ச்சொல் கிடைக்காத இடத்தில் இந்திச்சொல் வந்து நிற்கும். பிழையை உடனுக்குடன் திருத்தாவிட்டால் மொழி கெட்டுவிடும் என்பார் உளர். அவர்களது அக்கறை நியாயமானதே. ஆயினும் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தித் திருத்துவதை நான் ஏற்கவில்லை. பேசி முடித்தபின், தனியே அழைத்துத் திருத்தலாம். செய்யுளை மனப்பாடம் செய்யுங்கள், அது வேறு. உரைக்கு முதல் வாக்கியம் மட்டும் மனத்தில் இருந்தால் போதும். மற்றவற்றுக்கு ஒரு சிறிய அட்டையில் மூன்று சொற்கள். (மெல்லிய தாள் வேண்டா, கை நடுங்கினால் அது காட்டிக் கொடுத்துவிடும்.)

எங்கள் தமிழ் வகுப்பில் இப்போது நாள்தோறும் முதல் ஐந்து நிமிடம் ஒருவர் பேசுகிறார், வரிசை எண்ணின்படி. நன்றாகப் பேசுவோர் மட்டுமல்லர். அம்மாணவி ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, தன் தெருவில் தண்ணீர் லாரி வரும் காலைப்பொழுதைப் பற்றிப் பேசினாள். நடுவே ஓர் இந்திச்சொல் வந்தது. ஒரு கணம் நின்றாள், தமிழ்ச்சொல் நினைவுக்கு வரவில்லை, மேலே பேசினாள்.