கண்ணுக்கு மட்டுமா தமிழ்?

கணினியிலே தமிழ் ஏறிவிட்டது என்ற பெருமிதம் தமிழறிஞரிடையே மிகுந்து காணப்படுகிறது. அத்தமிழ் யாருக்காக ஏறியது என வினவுவோர் மிகச் சிலரே.

விழிப்புலனற்ற மாணவன் கணினியைச் செவியாற் படிக்கிறான். திரையிலுள்ள எழுத்துக்களைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் குரலாக்கித் தருகிறது. விழிப்புலனற்ற அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006 இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. அத்தகையது, இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிக்க வல்லது. எனவே கருவியில்லை என்ற சாட்டு இனிச் செல்லாது. தடை வேறிடத்தில் உள்ளது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதப்பெற்ற பக்கத்தில் உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் புனையப்பட்டிருக்கிறது, அவ்வளவே. 'தமிழ்' என்ற சொல் அங்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்து கிடக்கிறது. கண் வேடத்தைக் கண்டு மயங்கும். செவிக்கோ உள்ளிருக்கும் பிதற்றலே எட்டும். யூனிகோட் நியமம் தமிழுக்கு 1991 இலேயே இடமளித்துவிட்டது. அதன் பின்னரும் இவ்வெழுத்துருக்களைப் பற்றிக்கொண்டிருப்பது வெறும் சோம்பல். அச்சுக்கு வசதி என்பர். அச்சுக்கு வைத்துக்கொள்ளட்டும், இணையத்தில் ஏற்றுமுன் மாற்றுதற்கு இலவச மாற்றிகள் உண்டே!

இதனினும் கொடியது, தாள்களைப் படம்பிடித்துப் பி.டி.எப். கோப்பாக ஏற்றும் வழக்கம். விரிவுரைக் குறிப்பு, கடந்தகால வினாத்தாள், சுற்றறிக்கை யாவும் இவ்வாறே வருகின்றன. படத்தில் எழுத்தில்லை, வாசிப்பான் ஊமையாகிவிடும். எழுத்துணரி மென்பொருளால் மீட்கலாமெனினும், மங்கிய பிரதியில் அது ரகரத்தையும் அரவையும் ஒன்றென மயங்கும்.

இருவர் மூவருக்காக இத்தனை உழைப்பா என்று கேட்போர் பல்கலைக்கழகங்களிலேயே உளர். படிகள் மட்டுமே கொண்ட மண்டபத்தில் நின்றுகொண்டு, சக்கர நாற்காலியில் எவரும் வரவில்லையே என்று வியக்கும் அறிவு இது. கல்வி நிறுவன அனுமதியிலே வலுவிழந்தோருக்குப் பாரபட்சம் காட்டலாகாதென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. தகவல் தொழினுட்பத்தை அவர்கள் அணுகும் வாய்ப்பை வலியுறுத்தும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. வாயிலைத் திறந்துவிட்டு ஏட்டைப் பூட்டி வைப்பது எவ்வகை அனுமதி?

தமிழ்ச் சங்க மலர்கள் இப்பழிக்கு விலக்கென்று எவரும் துணிந்து கூறமுடியாது. ஏடு ஊமையாகும்போது அம்மாணவன் தோழனொருவன் ஓய்ந்திருக்கும் வேளை பார்த்து, வாசித்துக் காட்டும்படி வேண்டி நிற்கிறான். பரீட்சைக்கு முந்திய இரவிலோ தோழனுக்கும் ஓய்வில்லை.